தராசுத் தட்டில் ஒரு கோவணம்!

ஆனி மாதம், ஒரு மாலைப் பொழுது. சிவாலயம் ஒன்றில் நாயன்மார்கள் பற்றிய தொடர் சொற்பொழிவை முடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். அன்பர்கள் விபூதி பெற்றுக்கொண்டு, சுண்டல் பிரசாதத்துடன் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஓர் இளைஞர் மட்டும் தூண் ஓரமாகவே நின்றிருந்தார். கூட்டம் கலையட்டும் என்று காத்திருக்கிறார் எனப் புரிந்தது.

''வாங்க தம்பி!'' என்றேன்.

''ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம்...'' என்று தயங்கியபடி வந்து அமர்ந்தார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு, நண்பர்கள் இருவருடன் சேர்ந்து சொந்தமாக நிறுவனம் தொடங்கியவர் அவர். இந்தக் காலத்தில் 'ஸ்டார்ட்-அப்' என்கிறார்களே, அதுதான்! சிறு கடைக்காரர்கள் கைபேசியிலேயே வரவு- செலவு எழுதிக்கொள்ள ஒரு மென்பொருள். பதினெட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். முதல் போட்டதில் அவருடைய அம்மாவின் நகைகளும் அடக்கம்.

''கையில ரெண்டு மாசச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்குங்க ஐயா. ஒரு பெரிய முதலீட்டாளர் வர்றார். திங்கட்கிழமை கணக்கைக் காட்டணும். பணம் கட்டிப் பயன்படுத்துற கடை முந்நூறுதான். இலவசமாப் பயன்படுத்துறவங்களையும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்னு காட்டச் சொல்றாங்க. 'எல்லாரும் இப்படித்தான், பணம் வந்ததும் சரி பண்ணிக்கலாம்'னு சொல்றாங்க...''

சற்று நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்:

''குற்றமில்லாத நன்மை வரும்னா, பொய்யும் வாய்மைக்குச் சமம்னு வள்ளுவரே சொல்லியிருக்கார்தானே ஐயா? பதினெட்டுக் குடும்பம் பிழைக்கிறதுக்காக ஒரே ஒரு பொய் சொன்னா தப்பா?''

அன்பர்களே! இதை அந்த இளைஞரின் கேள்வியாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். கடை வைத்திருப்பவர், பட்டறை நடத்துபவர், ஏன், வீட்டில் நாலு பேருக்குத் தையல் வேலை கொடுப்பவர் என எல்லோருடைய வாசலிலும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்து நிற்கும். அன்று நான் அவருக்கு ஒரு வியாபாரியின் கதையைச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பழையாறை வணிகர்

சோழ நாட்டில் பழையாறை என்றொரு திருநகரம். அங்கே வணிகர் குலத்தில் பிறந்தவர் அமர்நீதியார். பொன், முத்து, பட்டு, பருத்தி ஆடைகள் எனப் பல ஊர்ச் சரக்குகளையும் வாங்கி விற்று, நேர்மையாகப் பொருள் ஈட்டியவர். அவருக்கு ஒரு நியமம் உண்டு. சிவனடியார்களுக்கு அமுது படைப்பார். அவர்களுக்குக் கந்தையும் கீளும் கோவணமும் கொடுப்பார். திருநல்லூர் ஈசன் மீது கொண்ட அன்பினால் அங்கேயே ஒரு திருமடமும் அமைத்து, குடும்பத்தோடு குடியேறினார்.

ஒருநாள், அந்த மடத்துக்கு ஒரு பிரம்மசாரி வந்தார். நெற்றியில் திருநீறு. கையில் ஒரு தண்டு. அதில் இரண்டு கோவணங்களும், ஒரு விபூதிப் பையும் கட்டப்பட்டிருந்தன. வந்தவர் யார்? வேறு யார்... சாட்சாத் பரமேஸ்வரனேதான்!

''நீராடிவிட்டு வருகிறேன். ஒருவேளை மழை வந்தாலும் வரும். காய்ந்த கோவணம் ஒன்றை உம்மிடம் கொடுத்துச் செல்கிறேன். இதன் பெருமை உமக்குத் தெரியாதது அல்ல. பத்திரமாக வைத்திருந்து கொடும்'' என்றார்.

அமர்நீதியாரும் அதைத் தனியானதோர் இடத்தில், கவனமாக வைத்தார். ஈசன் தன் விளையாட்டைத் தொடங்கினார். கோவணம் மறைந்தது!

மழையில் நனைந்தபடி திரும்பி வந்த பிரம்மசாரி, ''எங்கே என் கோவணம்?'' என்று கேட்டார். தேடிப் பார்த்த அமர்நீதியார் திகைத்தார். மனைவியும் உறவினர்களும் சேர்ந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. ''சுவாமி, வைத்த இடத்தில் காணவில்லை. வேறு புதிய கோவணம் தருகிறேன். பிழையைப் பொறுத்தருள வேண்டும்'' என்று கைகூப்பினார்.

பிரம்மசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. ''ஊரார்க்கெல்லாம் கோவணம் கொடுப்பதாகப் பறைசாற்றிவிட்டு, என்னுடையதைக் கவர்ந்துகொள்ளத் திட்டமோ? நன்றாக இருக்கிறது உமது வியாபாரம்!''

ஈட்டி போல் பாய்ந்திருக்கும் அந்த வார்த்தை. வாழ்நாள் எல்லாம் சேர்த்து வைத்த நற்பெயர், ஒரு முழத் துணியில் தொங்குகிறது!

பொன்னும் பட்டும் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பிரம்மசாரி அசையவில்லை. ''பொன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இதோ, தண்டில் கட்டியிருக்கும் இந்தக் கோவணத்துக்கு எடைக்கு எடை கோவணம் கொடும். போதும்!'' என்றார்.

தராசு வந்தது. ஒரு தட்டில் அந்த ஒற்றைக் கோவணம். மறு தட்டில் அமர்நீதியார் தம்மிடம் இருந்த கோவணங்களை எல்லாம் வைத்தார். தட்டு இறங்கவில்லை. பட்டாடைகளை அடுக்கினார். பொன்னை, வெள்ளியை, நவமணிகளைக் குவித்தார். ம்ஹூம்... கோவணத் தட்டு இறங்கியே நின்றது!

கடைசியில், ''எஞ்சியிருப்பது நாங்கள்தான். அடியேனும் மனைவியும் மகனும் தராசில் ஏற அனுமதிக்க வேண்டும்'' என்று வேண்டினார். ''அடியவர் தொண்டில் நாங்கள் பிழை செய்யாதிருந்தால் இந்தத் தராசு நேராகட்டும்'' என்று சொல்லி, ஐந்தெழுத்தை ஓதி, தராசை வலம் வந்து மூவரும் ஏறினார்கள்.

தட்டு நேராக நின்றது! பிரம்மசாரி மறைந்து, உமையொருபாகனாக ரிஷபத்தின் மீது ஈசன் காட்சி தந்தார். அந்தத் தராசே விமானமாகி மூவரையும் சிவலோகம் சேர்த்தது என்கிறது சேக்கிழார் அருளிய பெரியபுராணம்.

அடைக்கலப் பொருள்

அன்பர்களே, இதில் ஒரு நுட்பம் பாருங்கள். காணாமல் போனது என்ன, ரத்தினமா? ஒரு கோவணம்! அமர்நீதியார் தினந்தோறும் இலவசமாகத் தருகிற பொருள். அப்படியானால், அது ஏன் அத்தனை கனத்தது?

அது அவருடையது அல்ல, அதனால்தான்! தன் பொருள் மலையளவு இருந்தாலும், அதன் எடை அவ்வளவுதான். நம்பி ஒருவர் ஒப்படைத்தது முழத் துணியாக இருந்தாலும், அதன் எடை தனி. பிறர் பொருளையும் தன் பொருளைப் போலவே காப்பதுதான் வாணிகம் என்று, நடுவுநிலைமை அதிகாரத்தின் நிறைவுக் குறளில் வள்ளுவர் வைத்த இலக்கணமும் இதுதான்.

அந்த இளைஞரிடம் கேட்டேன். ''தம்பி, உங்கள் நிறுவனத்தில் எத்தனை கோவணங்கள் இருக்கின்றன?''

அவர் விழித்தார். நானே எண்ணிக் காட்டினேன்.

மாதச் சம்பளத்தில் வருங்கால வைப்புநிதி என்று பிடிக்கிறோமே, அது ஊழியருடைய பணம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால், நம்பிக்கை மோசடி என்றே சட்டம் அதைக் கருதுகிறது. ஜி.எஸ்.டி. என்று வாடிக்கையாளரிடம் வாங்குவது, அரசாங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. டி.டி.எஸ். என்று பிடிப்பதும் அப்படியே. சரக்கோ சேவையோ கொடுத்த சிறு தொழில்காரருக்குத் தர வேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வாடிக்கையாளர் கட்டிய முன்பணம், அவர் நம்பிக் கொடுத்த கைபேசி எண், அவருடைய வரவு- செலவு விவரம்... எல்லாமே நம்மிடம் வைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்கள்தான். முதலீட்டாளர் தரும் பணமும் அவருடைய நம்பிக்கைதான். நம் வெற்றிக்குக் கிடைத்த பரிசு அல்ல!

''அவசரத்துக்கு எடுத்துவிட்டு அப்புறம் வைத்துவிடலாம்'' என்று முதலில் கைவைப்பது, பெரும்பாலும் இந்தக் கோவணங்களில்தான்.

இளைஞரின் முகம் வாடியது. ''ரெண்டு மாசமா பி.எஃப். கட்டலைங்க ஐயா'' என்றார் மெள்ள.

'லாபத்தில் ஏழுமலையானுக்கு ஒரு பங்கு வைத்திருக்கிறேன்' என்று சிலர் பெருமையாகச் சொல்வது உண்டு. நல்ல வழக்கம்தான். நம் வணிகர்கள் மகமை என்று ஒதுக்கிவைத்து எத்தனையோ கோயில்களையும் பள்ளிகளையும் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால், ஊழியரின் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு உண்டியலில் போட்டால், சுவாமி அதற்குக் கூட்டாளி ஆகிவிடுவாரா? அந்த வேங்கடவனே, தன் திருக்கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கியபோது, சாட்சிகள் வைத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகத்தானே புராணம் சொல்கிறது! கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுகிறார் என்பது ஐதிகம். லட்சுமியை மார்பில் வைத்திருப்பவரே கடனை மறைக்கவில்லை. நாம் மறைக்கலாமா?

நரிகள் வந்த இரவு

சரி, 'ஒரே ஒரு பொய்' என்றாரே... அதற்கு வருவோம்.

மாணிக்கவாசகர் வரலாறு நீங்கள் அறிந்ததுதான். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன், திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவாகிவிட்டது. அடியவருக்காக ஈசன், நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். மன்னன் மகிழ்ந்தான். அன்று இரவே, அந்தப் பரிகள் மீண்டும் நரிகளாயின. ஆனதோடு நின்றனவா? லாயத்தில் ஏற்கெனவே இருந்த நிஜக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின!

'அவர் செய்தாரே' என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். தமக்கென்று ஒரு காசும் எடுக்காதவர் மணிவாசகர். அப்படியிருந்தும், மன்னன் விதித்த தண்டனையை ஏற்று, வைகையின் சுடுமணலில் நின்றார். அது ஈசன் நடத்திய திருவிளையாடல். நாம் நரியைக் குதிரை என்று காட்டினால், அதற்குப் பெயர் வேறு!

பொய்க் கணக்கின் குணம் இதுதான். விடிவதற்குள் அது நரியாகும். ஆகும்போது, நிஜமாக நாம் சம்பாதித்து வைத்திருக்கும் நல்லவற்றையும் சேர்த்துக் கடிக்கும்.

நம் தேசமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. ஹைதராபாத்தில் 1987-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு மென்பொருள் நிறுவனம், 'சத்யம்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. உலகமெங்கும் வாடிக்கையாளர்கள், பல்லாயிரம் ஊழியர்கள் என்று வளர்ந்தது. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி, அதன் தலைவரே கடிதம் எழுதி உண்மையை ஒப்புக்கொண்டார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை! முதலில் சிறிய இடைவெளியாகத் தொடங்கியது, ஆண்டுக்கு ஆண்டு பெருகிவிட்டது என்று எழுதியிருந்தார். புலி மீது ஏறியவன், அதற்கு இரையாகாமல் எப்படி இறங்குவது என்று தெரியாமல் தவிப்பதைப் போல் இருந்ததாம் அவர் நிலை.

அந்த நிறுவனத்தில் திறமை இல்லையா? இருந்தது. உழைத்த பிள்ளைகள் இல்லையா? இருந்தார்கள். நிஜக் குதிரைகள்! ஒரே நாளில் பங்கு விலை தரையில் விழுந்து, அத்தனை பேரின் வாழ்க்கையும் கேள்விக்குறியானது. அரசாங்கம் தலையிட்டு, அந்த ஆண்டு ஏப்ரலில் நிறுவனம் வேறு கைக்கு மாறிய பிறகே ஊழியர்களுக்கு மூச்சு வந்தது.

''தம்பி, வள்ளுவர் பொய்க்கு வழிவிட்டது, எவருக்கும் குற்றம் விளையாத நன்மை தரும் இடத்தில் மட்டும்தான். நீங்கள் சொல்லப் போகும் பொய்யை நம்பி ஒருவர் பணம் போடப் போகிறார். இதில் குற்றமில்லாத நன்மை எங்கே இருக்கிறது? அந்தப் பதினெட்டுப் பேரும், தங்களுக்குத் தெரியாமலேயே புலி மீது ஏற்றப்படுவார்கள். அதுவும், நீங்கள் செய்வது கடைக்காரர்களுக்குச் சரியான கணக்கு எழுதித் தரும் தொழில்!'' என்றேன்.

பல நிமிடங்கள் அவர் பேசவே இல்லை.

மொட்டைக் கோபுரம் சொல்லும் பாடம்

''அப்படின்னா வளரவே கூடாதா ஐயா? போட்டிக்காரங்க எங்கேயோ போயிட்டாங்களே...'' என்றார் பிறகு.

வளரலாம். வளரத்தான் வேண்டும்! ஆனால், எதைத் தாங்க முடியும் என்று அறிந்து வளர வேண்டும். 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார் வள்ளுவர். வரவு குறுகலாக இருந்தாலும் கேடு இல்லை. செலவு அதைவிட அகலமாகிவிடக் கூடாது என்பது அதில் வரும் கருத்து. மயிலிறகு லேசானதுதான். அளவு மீறி ஏற்றிக்கொண்டே போனால், வண்டியின் அச்சு தாங்குமா? இந்த மாதம் இரண்டு பேர், அடுத்த மாதம் பெரிய அலுவலகம், அதற்கடுத்து விளம்பரம்... ஒவ்வொன்றும் மயிலிறகுதான்!

ஸ்ரீரங்கம் போயிருப்பீர்கள். தெற்கு வாசலில் வானளாவ நிற்கும் ராஜகோபுரம், பதின்மூன்று நிலைகள் கொண்டது. 236 அடி உயரம். விஜயநகர அரசர் காலத்தில் தொடங்கிய திருப்பணி, பாதியில் நின்றுபோனது. நூற்றாண்டுகள் கடந்தன. ஊரார் அதை 'மொட்டைக் கோபுரம்' என்றே அழைத்தார்கள். அகோபில மடத்தின் 44-வது பட்டம் ஜீயர் சுவாமிகளின் பெருமுயற்சியால் நிறைவு பெற்று, 1987-ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்டது.

அவசரப்பட்டு மண்ணிலும் மரத்திலும் எதையாவது மேலே எழுப்பி, 'முடிந்துவிட்டது' என்று கலசம் வைத்துவிடவில்லையே! அத்தனை காலமும், அந்த மொட்டைக் கோபுரத்தின் வழியே அடியார்கள் உள்ளே போய் அரங்கனைச் சேவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். முடியாத கோபுரமும் வாசலாகப் பயன்பட்டது. அதனால் சிறுமை ஒன்றும் இல்லை.

''முந்நூறு கடை என்றால், முந்நூறு கடை! அந்த முந்நூறு பேரும் உங்களை நம்பிப் பணம் கட்டுகிறார்கள் அல்லவா? அதுதான் உங்கள் கல்ஹாரம். அதன் மேல் கட்டுங்கள்'' என்றேன்.

முதலில் ஏற வேண்டியவர் யார்?

கிளம்பும்போது, இன்னொன்றும் சொன்னேன். அமர்நீதியார் பெரிய வணிகர். மடத்தில் பணியாட்கள் இருந்திருப்பார்கள். எடை குறைந்தபோது, அவர்களில் ஒருவரையாவது பிடித்துத் தட்டில் ஏற்றினாரா? இல்லை! 'நான் பத்திரமாகத்தான் வைத்தேன். காணாமல் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்?' என்று வாதாடினாரா? அதுவும் இல்லை. தன் சரக்கு, தன் பொன், கடைசியில் தானே!

தலைமை என்பது இதுதான் அன்பர்களே. நெருக்கடி வந்ததும் முதலில் கடைநிலை ஊழியரின் சம்பளத்தில் கைவைப்பவர், தராசில் பிறரை ஏற்றுகிறார். தன் சம்பளத்தை முதலில் நிறுத்திக்கொள்பவர், தானே ஏறுகிறார். மனைவியும் மகனும் உடன் ஏறினார்களே, ஏன்? இன்பத்தில் மட்டுமல்லாமல், நிலைமை என்ன என்பதிலும் அவர்கள் பங்கு பெற்றிருந்தார்கள். வீட்டுக்கு மறைத்த கடனும், ஊழியருக்கு மறைத்த நஷ்டமும் என்றைக்கும் நம்மைத் தனியாகத்தான் நிற்க வைக்கும்.

அந்த இளைஞர் வணங்கிவிட்டுப் போனார். ஏழெட்டு மாதங்கள் கழிந்தன.

தை மாதம், வேறோர் ஊரில் சொற்பொழிவு. அவரே வந்திருந்தார்; உடன் அவருடைய தாயார். அந்தத் திங்கட்கிழமை, முந்நூறு என்றே காட்டினாராம். முதலீட்டாளர் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று போனவர், திரும்பவே இல்லை.

''அன்னிக்கு ராத்திரி உங்க மேல கோபமாக்கூட வந்துச்சு ஐயா'' என்று சிரித்தார்.

மறுநாள் பதினெட்டுப் பேரையும் உட்கார வைத்து, கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். பி.எஃப். பாக்கியையும் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நிறுவனர்கள் மூவரும் ஆறு மாதம் சம்பளம் எடுக்கவில்லை. பெரிய அலுவலகத்தைக் காலி செய்தார்கள். ஐந்து பேர் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதைத் தவணை முறையில் கொடுத்து முடித்தார்கள். மற்றவர்கள் நின்றார்கள். இப்போது நானூறு கடைகள். வைப்புநிதிப் பாக்கியையும் அபராதத்தோடு கட்டியாயிற்று.

''பெரிசா ஒண்ணும் வளரலைங்க ஐயா. அம்மா நகையையும் இன்னும் மீட்கலை. ஆனா, மாசம் முதல் தேதி சம்பளம் போயிடுது.''

அருகில் நின்ற அந்தத் தாயார் சொன்னார்: ''நகை வந்தா வரட்டும் சாமி. இவன் இப்பல்லாம் ராத்திரி தூங்குறான். அது போதும் எனக்கு!''

தராசு நேராக நின்றதை, அன்று நான் என் கண்ணால் பார்த்தேன்!

சத்தியம் சொன்னால் உடனே செல்வம் கொட்டும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அமர்நீதியாரும் தராசில் ஏறும்போது, தட்டு நேராகும் என்று தெரிந்துகொண்டு ஏறவில்லை. தன்னிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசத்துக்கு அருகில் இருக்கிறது திருநல்லூர். சுவாமி ஸ்ரீகல்யாணசுந்தரேஸ்வரர், அம்பாள் ஸ்ரீகிரிசுந்தரி. மாடக்கோயில் அமைப்பில் உயர்ந்து நிற்கும் ஆலயம். மூலவர் நாளொன்றுக்கு ஐந்து முறை நிறம் மாறிக் காட்சி தருவதால், பஞ்சவர்ணேஸ்வரர் என்றும் திருநாமம் உண்டு. திருநாவுக்கரசரின் சென்னியில் ஈசன் திருவடி சூட்டிய தலம் இது. அதனால், பெருமாள் கோயில்களைப் போல, இங்கே சிவ சந்நிதியிலும் அன்பர்களின் தலையில் சடாரி சாத்துகிறார்கள். ஆனி மாதம், பூர நட்சத்திரத்தில் அமர்நீதி நாயனாரின் குருபூஜை.

புதிதாகத் தொழில் தொடங்குவோர், தொழிலில் நெருக்கடியில் இருப்போர், ஒருமுறை இந்தத் தலத்துக்குச் சென்று வாருங்கள். போகும் முன், வீட்டில் அமர்ந்து ஒரு காகிதத்தில் பிள்ளையார் சுழி போட்டு, உங்களிடம் இருக்கும் பிறர் பொருள்களை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தோடு சந்நிதியில் நில்லுங்கள். சடாரி தலையில் படும்போது, நிறுவனத்தின் தலைவருக்கும் மேலே ஒரு திருவடி இருக்கிறது என்பது நினைவுக்கு வரும்.

திரும்பி வந்ததும், அந்தப் பட்டியலில் முதல் வரியைத் தீர்த்துவிடுங்கள். கோவணம் சிறியதாக இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது!

திருச்சிற்றம்பலம்.